என் தட்டில் இன்னொரு கையெழுத்து

என் தங்கை ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். எனக்கு மட்டும் அவளால் கற்றுக்கொடுக்க முடியவில்லை. கிளட்சை விடச் சொன்னால் பிரேக்கை மிதிப்பேன். "அக்கா, நீ பேசாம பின்னாடி உக்காந்து வழி சொல்லு, அதுதான் உனக்கு வரும்" என்பாள். அப்படியே ஆகிவிட்டது. காலையில் என்னை ஆய்வகத்தில் இறக்கிவிட்டுத் தன் பயிற்சிப் பள்ளிக்குப் போவாள், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வாள். இன்று நான் போன் செய்து நீங்கள் போலீஸ் வண்டி அனுப்பினீர்கள் அல்லவா, அதில் பின்சீட்டில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் உங்கள் ஓட்டுநருக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். அதனால் நானும் அவசரப்படாமல் சொல்கிறேன். எங்கள் இயக்குநர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் ஒரு மறதி நடந்துவிட்டது, உதவி ஆராய்ச்சியாளராக இருக்கிற சின்னப் பெண் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டாள், தங்கையைப் பறிகொடுத்தவரைப் போட்டு வாட்டாதீர்கள். இதைத்தானே சொன்னார்? நல்ல மனிதர். ஆனால் அவர் சொல்வது எனக்கு அவமானமாக இருக்கிறது. என் தட்டுகளுக்கு என்னைத் தவிர யாரும் தீனி போட்டதில்லை. என் பிரிவில் மறதி என்று ஒன்று நடந்ததில்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிடக் கூடாது என்றுதான் நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நோயாளியின் கல்லீரலிலிருந்து ஊசியால் கடுகளவு துணுக்கை எடுத்து எங்களிடம் அனுப்புவார்கள். அதை அலசி, செல்களைப் பிரித்து, ஒரு ஜெல்லில் கலந்து, தட்டின் அடியில் சொட்டுச் சொட்டாக வைப்போம். அந்த ஜெல் குளிரில் நீராக இருக்கும், சூட்டில் இறுகிக்கொள்ளும். அதன்மேல் மீடியம் என்று ஒரு சத்துநீர், எங்கள் பேச்சில் தீனி, ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்தால், செல்கள் தாமாக ஒன்றுசேர்ந்து உருண்டுகொண்டு வளரும். ஆர்கனாய்டு என்று பெயர். பத்திரிகைக்காரர்கள் குட்டிக் கல்லீரல் என்று எழுதுவார்கள். நாங்கள் உருண்டை என்போம். யாருடைய துணுக்கோ அவருடைய நோய் அந்த உருண்டைக்கும் இருக்கும். அவருக்கு ஆகாத மருந்து அதற்கும் ஆகாது. அதனால் ஆளுக்குக் கொடுக்கும் முன்னால் உருண்டைக்குக் கொடுத்துப் பார்க்கலாம். கெட்டுப்போன ஜீனைத் திருத்தி, அதே உருண்டைகளை என்றைக்காவது அவர் உடம்பிலேயே திரும்ப வைத்துவிடலாம் என்பதும் எங்கள் எல்லோருக்கும் உள்ள ஆசை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைக்க மாட்டோம். தட்டின் மூடியில் வளர்ப்பவர் தன் கையெழுத்தில் எழுதியிருப்பார். அவர் விடுப்பில் இருந்தால் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் தொடுவோம். யாரும் விதியாக எழுதி ஒட்டியதில்லை. வீட்டில் மற்றவர் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுக்காமல் இருக்கிறோமே, அந்த மாதிரி.

குட்டியின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது நானில்லை. அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவளிடம் ஓட்டப் பழகிய ஒருவர் காருக்குள் இருக்கும் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். "மேடம், உங்க கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாராம். "நீங்க முதல்ல ரோட்டப் பாருங்க சார், என் கண்ண அப்புறமா பார்க்கலாம்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்பாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மா அந்த மஞ்சளில்தான் போனாள். பித்தநீர் வெளியேற வழியில்லாமல் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி, அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பரம்பரை வியாதி. அம்மாவின் சுருட்டை முடியும் அந்த வியாதியும் குட்டிக்குப் போயின, எனக்கு மூட்டுவலி வந்தது.

அம்மா போனபோது குட்டி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்பா அதற்கு வெகுமுன்பே இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் அவளை வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களை நானே வேண்டாமென்று சொன்னேன். அவள் அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்காமலேயே செய்தேன், அதை அவள் என்றைக்காவது தானாக நினைத்துப் பார்ப்பாள் என்று இருந்தேன்.

அவள் கல்லீரல் துணுக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது நானே எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரர்களுடையதைக் கையாளக் கூடாது என்று விதி உண்டு. இயக்குநர் கண்டும் காணாமல் இருந்துவிட்டார், ஏனென்றால் என் கையில் வளர்ந்த மாதிரி வேறு யார் கையிலும் வளராது. குட்டியின் உருண்டைகள் மற்ற எல்லாவற்றையும்விட அழகாக வந்தன. அவளை அழைத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா நான்? சோப்பு நுரை மாதிரி இருக்கேன்."

"நுரை இல்லடி. ஒவ்வொண்ணும் உன் கல்லீரல்."

"இதுல வாயி எங்க இருக்கு?"

"அது இல்லாததால்தான் நிம்மதியா இருக்கு" என்றேன். ஹூட் என்கிற கண்ணாடிக் கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு எனக்கு இரண்டு வேலை. காலையில் வீட்டில் அவளுக்கு மாத்திரை, பிறகு ஆய்வகத்தில் அவளுக்குத் தீனி. அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பித்தநீர் ரத்தத்தில் கலந்தால் அப்படித்தான். ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டு அவள் தூங்கும்வரை பக்கத்தில் இருப்பேன். உப்பு குறைத்து, எண்ணெய் குறைத்து, தனியாகச் சமைத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். அவளோ கடையில் பொரித்ததை வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். கேட்டால், "நான் இல்லக்கா, அந்த வாடை என் ஸ்டூடன்ட் மேல அடிச்சுது" என்பாள். வாயைத் திறந்தால் பொய். தட்டில் இருந்தவள் அப்படியில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், வைத்த இடத்தில் இருந்தாள், ஒழுங்காக வளர்ந்தாள். உண்மையைச் சொல்கிறேன், சில நாட்களில் வீட்டுக்குக் கிளம்பவே எனக்கு மனசு வராது.

ஒரு தடவை, தன்னோடு வேலை பார்க்கிற சிநேகிதிகளோடு மலைப் பக்கம் கார் எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்றாள். நாலைந்து நாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. "உன் உருண்டைங்க இந்த வாரம் சரியா இல்ல குட்டி. உள்ள என்னமோ நடக்குது. இப்ப அலையாதே" என்றேன். அவை நன்றாகத்தான் இருந்தன. நீங்கள் இதைப் பொய் என்பீர்கள். நான் முன்ஜாக்கிரதை என்பேன். அவள் முகம் சுருங்கிவிட்டது, ஆனால் போகவில்லை.

பிறகு அவளுடைய பயிற்சிப் பள்ளிக்காரர் பக்கத்து ஊரில் ஒரு கிளை திறந்து அவளையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்போதும் உருண்டைகள் சரியாக இல்லை என்றேன். பிறகு ஒரு மெக்கானிக் வந்தார். சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருந்தவர், பள்ளிக் கார்களை அவர்தான் பழுதுபார்ப்பார். அமைதியான ஆள். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று என்னிடமே வந்து சொன்னார். அவரிடம் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினேன். கருத்துச் சுருங்கிய உருண்டைகள். அது வேறு ஒரு நோயாளியுடையது. "இதுதாங்க அவ நிலைமை. உங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு" என்றேன். அதற்கப்புறமும் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தார், பிறகு வரவில்லை. குட்டி சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக.

ஒரு நாள் மழை. என்னை ஏற்றிக்கொள்ள வந்தவள் காரில் இருக்காமல் ஆய்வக வரவேற்பறைக்குள் வந்து நின்றிருந்தாள். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு வரும்போது இயக்குநர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. "உங்க செல்ஸ் மாதிரி இங்க வேற எதுவும் வளர்ந்ததில்லம்மா. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்ல" என்கிறார். குட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

சிக்னலில் கார் நின்றபோதுதான் கேட்டாள்.

"ஒரு நாள்கூடவாக்கா?"

"அவருக்கு என்ன தெரியும். ரூமை விட்டு வெளிய வந்தாத்தானே."

"ஒர்க்ஷாப்லேருந்து அவரு வந்துட்டு இருந்தப்ப? அப்பவும் நல்லாத்தான் இருந்துதா?"

"பச்சை விழுந்தாச்சு, வண்டிய எடு" என்றேன்.

எடுத்தாள். வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. அது அவள் செய்த தப்பு.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு காலையில் பெட்டியைத் திறந்து அவள் தட்டுகளை எடுத்தேன். மூடியில் என் கையெழுத்து இல்லை. வட்ட வட்டமாக வேறு கையெழுத்து. அதை நான் எப்படிச் சொல்வது. வெளியூர் போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறீர்கள், உங்கள் படுக்கையில் யாரோ படுத்து எழுந்துபோயிருக்கிறார்கள். தட்டைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த எழுத்து குருவியுடையது. அதுதான் இயக்குநர் உங்களிடம் சொன்ன சின்னப் பெண், உதவி ஆராய்ச்சியாளர். கீச்கீச்சென்று மூச்சுவிடாமல் பேசுவதால் அந்தப் பெயர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"மேடம், சார்தான் சொன்னாரு, வேற இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பணும் தனியா எடுத்து வைன்னு, உங்ககிட்ட பேசிட்டாருன்னு நெனச்சேன் மேடம், சாரி மேடம்."

"தீனி போட்டியா?"

"ஐயோ இல்ல மேடம். மூடி மட்டும்தான் மாத்தினேன்."

உங்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பாள். அவள் சொல்வது உண்மை. அவளை விட்டுவிடுங்கள்.

இயக்குநர் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். குட்டி தனியாக வந்து அவரைப் பார்த்திருக்கிறாள். தூரத்து ஊரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. உருண்டைகளைத் திருத்தித் திரும்ப உடம்பில் வைக்கிற வேலையில் எங்களைவிட அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவளும் அங்கேயே போய்த் தங்கப்போகிறாள். அங்கேயும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றனவாம்.

"உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் இயக்குநர்.

"சொன்னா. நான்தான் மறந்துட்டேன்."

"உங்களப் பத்தித்தாங்க ரொம்ப நேரம் பேசினாங்க. அக்கா ரொம்பக் களைச்சுப் போயிட்டா சார், இனிமேலாவது அவ கையில இருந்து எடுத்துடுங்கன்னாங்க. கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கு."

எடுத்துடுங்க. இந்த வார்த்தையை வீட்டுக்குப் போகும் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். குட்டி முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று பள்ளிக்கூட கேட்டை இடித்துவிட்டு, "இந்த கேட்டு நேத்து இங்க இல்லையேம்மா" என்று கேட்ட கதையைச் சொன்னாள். நானும் சிரித்தேன். நான் பெறாத பிள்ளை அவள். ஒரு அந்நிய மனிதரிடம் போய் என்னை அவள் மேலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள், ஒட்டுப்புல்லை எடுக்கிற மாதிரி. அப்புறம் வந்து எனக்குக் கதை சொல்கிறாள்.

நானே கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஏன் கேட்க வேண்டும்? அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் சொல்வாள் என்று பார்ப்பேன், சொல்ல மாட்டாள். இரண்டு மூன்று தடவை "அக்கா" என்று ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் "ஒண்ணுமில்ல" என்றுவிட்டாள். முதுகில் குத்துகிறவளுக்கு முகத்தைப் பார்த்துப் பேச எப்படி வரும்.

இந்த நேரத்தில்தான் அந்தப் புது மருந்து வந்தது. தேங்கிய பித்தநீரை வடியவிடுகிற மாத்திரை. அந்த ஊரில் சிகிச்சை தொடங்கும்வரை அவள் கல்லீரல் தாக்குப்பிடிக்க அது வேண்டுமென்றார் அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா. முக்கால்வாசிப் பேருக்கு அது நல்லது செய்தது. சிலருக்கு மட்டும் கல்லீரலையே அடியோடு அழித்துவிட்டது. யாருக்கு எது நடக்கும் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, உருண்டையில் போட்டுப் பார்த்துச் சொல்லலாம். எங்களைக் கேட்டார்கள். இயக்குநர் என்னிடம் வந்தார். "அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா இந்த டெஸ்ட் மட்டும் நீங்களே பண்ணிக் கொடுத்துடுங்க. உங்க கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். சரி என்றேன்.

இனி அந்த மறதி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் மீடியத்தில் ஒரு பொருளைச் சேர்ப்போம். காப்பு என்போம். செல்கள் அடிபட்டாலும் தாங்கிக்கொள்ள அது. காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து ஏற்றுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். மருந்தைச் சோதிப்பதற்கு முன் காப்பை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் இந்த மாதிரி மருந்து எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் உருண்டை தாங்கிக்கொள்ளும். மருந்து நல்லது என்று நாம் ஏமாந்துபோவோம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்வார்கள். குருவி செய்தபோது அவள் அழும்வரை திட்டினேன். "தட்டுல இருக்கறது தாங்கிக்கும்மா. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களுக்கு யாரு போய் காப்பு ஊத்தறது?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அவள் மறந்ததில்லை.

சோதனை செய்து மிச்சமிருந்த தட்டில் காப்பு இருந்ததை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். பாராட்டுகிறேன், சாதாரணமாகத் தேடத் தோன்றாது. அதை வைத்துத்தான் எல்லோரும் மறதி, மறதி என்கிறார்கள். நான் மறக்கவில்லை. வழக்கமாகப் போடுவதைவிட அதிகமாகவே போட்டேன். உருண்டைகள் அசையவில்லை, வழுவழுப்பாக, வட்டமாக, அப்படியே இருந்தன. மருந்து இவருக்குப் பாதுகாப்பானது என்று அறிக்கை கொடுத்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கும்முன் சொல்கிறேன். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் நோகட்டும் என்று நினைத்தேன். கல்லீரல் லேசாக அடிவாங்கும், பயணம் தள்ளிப்போகும், மறுபடி என் கையால் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பாள், அக்கா இல்லாமல் தனக்கு ஆகாது என்று புரிந்துகொள்வாள். எந்தக் குடும்பத்திலும் பெரியவர்கள் இப்படி ஒரு பாடம் கற்றுக்கொடுப்பதுண்டு.

நீங்கள் தலையசைக்கிறீர்கள். நம்பவில்லை என்று தெரிகிறது. சரி.

அந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொரு சோதனை செய்தேன். அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. அது ஒழுங்கான சோதனை. காப்பை முறைப்படி நிறுத்திவிட்டு மருந்து கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது உருண்டைகளின் ஓரம் பிய்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் கருத்துப்போய், தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்து கிடந்தன. தட்டில் சொட்டு வைக்கிற எல்லாக் குழிகளையும் பார்த்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அளவைக் குறைத்துக் கொடுத்த குழிகளிலும் மிஞ்சவில்லை. இதில் லேசாக அடிவாங்குவது என்று ஒன்றுமில்லை. இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தட்டுக்காக மேஜையில் தலையை வைத்து அழுதேன். பிறகு பிளீச்சில் ஊறப்போட்டுக் குப்பையில் சேர்த்துவிட்டு, இரண்டாவது தட்டை எடுத்தேன்.

மாத்திரை தொடங்கிய பிறகு நடந்தது உங்களுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். முதலில் அரிப்பு குறைந்தது, சந்தோஷப்பட்டாள். பிறகு வாந்தி. கண்ணில் இருந்த மஞ்சள் நகத்துக்கு வந்தது. டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தியபோது நேரம் கடந்துவிட்டது. கடைசியில் யார் என்ன என்று தெரியாமல் போய்விட்டது. நர்ஸைப் பார்த்து, "கிளட்ச், கிளட்ச், மெதுவா விடுங்க" என்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். வாயைத் துடைத்துவிட்டேன், துணி மாற்றினேன். ஒரு அக்கா செய்ய வேண்டியதில் எதையும் நான் விடவில்லை. அனுப்பிய உருண்டைகள் அந்த ஊரில் நன்றாக வளர்கின்றனவாம். இயக்குநர் நேற்று சொன்னார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் அப்படி ஒன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் மாத்திரையை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுத்தார்கள். நான் ஆய்வகத்தில் வேலையை முடித்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்ச்சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஜன்னலோரக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னத் தட்டில் மாத்திரை, பக்கத்தில் தண்ணீர். அப்படியே இருந்தது.

"இன்னும் போடலையா?" என்றேன்.

நர்ஸ் சிரித்தாள். "காலையிலேருந்து இதேதான் மேடம். டாக்டர் சொல்லியாச்சு, ரிப்போர்ட் வந்தாச்சு. அக்கா வந்து சொன்னாத்தான் போடுவேன்னு உக்காந்திருக்காங்க. சின்னப் புள்ள தோத்துச்சு."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும் குட்டி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நகத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். வேற ஊருக்குப் போகலாம்னு இருக்கேன். அங்க இருக்கறவங்ககிட்ட பேசியாச்சு. உன்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு. நீ என்னைப் பத்திப் பொய் சொன்னது தெரியும். கோவம் வந்துச்சு, இல்லங்கல. ஆனா நீ அதை பயத்துலதான் செஞ்சேன்னு புரிஞ்சுது. அம்மா மாதிரி நானும் போயிடுவேன்னு. நீயும் வந்துடுக்கா. வீடு பார்க்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு ரூம் இருக்கற மாதிரி."

ரெண்டு ரூம். அம்மா போனதிலிருந்து என் பக்கத்தில் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவள். இப்போது தனி அறை வேண்டுமாம். என்னிடமிருந்து ஒரு சுவர் வேண்டுமாம். அதை எவ்வளவு நயமாகச் சொல்கிறாள் என்று பார்த்தேன். அவள் செய்த துரோகத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா. யாரு சொன்னாலும் எனக்குத் திருப்தி இல்ல. நீதான் அதுங்கள வளர்த்தவ. போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ குட்டி" என்றேன்.

உடனே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நாக்கை நீட்டிக் காட்டினாள், சின்ன வயதில் காட்டுவாளே, அப்படி.

இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மறதி என்ற வார்த்தை மட்டும் எங்கும் வர வேண்டாம். தெரிந்துதான் செய்தேன். அவள் மட்டும் என்னை ஒரே ஒரு தடவை முழுசாக நம்பியிருந்தால், இதற்கெல்லாம் அவசியமே வந்திருக்காது.